லூர்துராஜ் வரையாமல் விட்ட பெட்டி

லூர்துராஜுக்கு ஐம்பத்துநான்கு வயது. மதுரை விளாங்குடியில் உள்ள எங்கள் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பிரிவு என்று ஒன்று உண்டு. அந்தப் பிரிவு முழுவதும் அவர் ஒருவர்தான். வேலைக்குச் சேர்ந்தது பதிவறை எழுத்தராக. நோயாளிகளின் கோப்புகளைத் தேடித் தேடி அலுத்துப்போய், ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி, தானே கற்றுக்கொண்டு, எல்லாவற்றையும் பட்டியலாக்கினார். அப்படி ஆரம்பித்தது. யாரும் அவருக்குப் பாடம் நடத்தவில்லை. புத்தகம் வாங்கிப் படித்தார். படித்ததை அட்டை போட்ட நோட்டில் எழுதி வைத்தார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். எதைக் கேட்டாலும் "ஆகட்டும் சிஸ்டர்" என்பார். பெரும்பாலும் ஆகிவிடும்.

அவரிடம் ஒரு குறை உண்டு. யார் மனமும் நோகக்கூடாது என்று நினைப்பார். நாற்பது வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அது நல்ல குணம் மாதிரித்தான் தெரியும். ஆனால் அந்தக் குணத்தை வைத்துக்கொண்டு யாருக்கும் ஊசி போட முடியாது.

மேலூரில் எங்களுக்கு ஒரு கிளை மருத்துவமனை இருக்கிறது. பத்துப் படுக்கை, ஓர் எக்ஸ்ரே அறை. ஓய்வு பெற்ற பிறகு நான் வாரத்தில் மூன்று நாள் அங்கே போய், படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எக்ஸ்ரே மெஷின் மேலூரில் இருக்கிறது. படத்தைப் பார்த்து இது எலும்பு முறிவு, இது சளி, இது காசநோய் என்று சொல்லும் டாக்டர் விளாங்குடியில் இருக்கிறார். முன்பெல்லாம் படத்தை உறையில் போட்டு பஸ்ஸில் கொடுத்து அனுப்புவோம். பதில் மறுநாள் வரும். ஒன்பது வருடத்துக்கு முன்பு லூர்து ஒரு ஏற்பாடு செய்தார். எக்ஸ்ரே எடுத்ததும் படம் அதே அறையில் இருக்கும் அவருடைய கம்ப்யூட்டருக்கு வரும். அது இணையம் வழியாக விளாங்குடிக்கு அனுப்பும். டாக்டர் பார்த்துவிட்டு இருபது நிமிடத்தில் பதில் சொல்வார். குவாரியில் அடிபட்டவனும், வயலில் வழுக்கி விழுந்தவளும் மேலூரிலேயே கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடுவது விண்டோஸ் இல்லை. பலரும் பேராவது கேள்விப்பட்டிருக்கும் லினக்ஸும் இல்லை. லூர்துவிடம் கேட்டால், "லினக்ஸுக்குப் பெரியப்பா மகன் முறை சிஸ்டர்" என்பார். இலவசமாகக் கிடைப்பது, வருடக்கணக்கில் அணைக்காமல் ஓடுவது. மதுரையில் அது தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஒரு கை விரல் எல்லாம்கூட வேண்டியதில்லை.

போன பிப்ரவரி முதல் வாரத்தில் படங்கள் நின்றன.

எக்ஸ்ரே எடுக்கும் பவதாரிணி வந்து சொன்னாள். "சிஸ்டர், பேர் போகுது, வயசு போகுது, ஊர் போகுது. படம் மட்டும் போக மாட்டேங்குது. பாதியில அப்பிடியே நிக்குது." அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் பேச்சிமுத்து, லாரியில் கல் ஏற்றுபவர். விழுந்ததில் விலாவில் வலி. பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை காத்திருந்தார். பிறகு அவரை பஸ் ஏற்றி விட்டோம். மாட்டுத்தாவணியில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து விளாங்குடி போய்ப் படம் எடுத்தார். இரண்டு விலா எலும்பு விரிசல். அந்த விலாவை வைத்துக்கொண்டுதான் இரண்டு பஸ்ஸில் போயிருக்கிறார்.

நிர்வாகி பால்பாண்டி கெட்டவர் இல்லை. அவருக்குப் பதில் வேண்டும், அவ்வளவுதான். லூர்துவைக் கூப்பிட்டு, "மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. சரியாகலைன்னா புதுக் கம்பெனி சிஸ்டத்துக்குப் போயிருவோம். அது விளாங்குடிக்கு மட்டுந்தான். மேலூர் எக்ஸ்ரே ரூமை மூடிருவோம்" என்றார். லூர்து "ஆகட்டும் சார்" என்றார்.

அதன் பிறகு அவர் அலைந்ததை நான் பார்த்தேன். வியாதி என்ன என்று தெரியாமல் ஒவ்வொரு டாக்டராகப் போகும் நோயாளி போல அலைந்தார். முதலில் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே இது, கறுப்புல வெள்ளை எழுத்தா ஓடுது. படம் முடிஞ்சு பேர் போடுற மாதிரில இருக்கு. அழிச்சிட்டு விண்டோஸ் போட்ருவமா?" என்று கேட்டாராம். லூர்து கம்ப்யூட்டரைப் பையில் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அடுத்தது இணைய லைன் கொடுத்தவர்கள். போனில் ஆறு முறை ஆறு பேர் ஒரே கேள்வி கேட்டார்கள்: மோடத்தை அணைத்துப் போட்டீர்களா. ஏழாவது முறை ஒருவர் நேரில் வந்தார். தன்னுடைய விண்டோஸ் மடிக்கணினியை அதே கேபிளில் சொருகி, அதே படத்தை அனுப்பினார். கொஞ்சம் திணறிவிட்டுப் போய்விட்டது. "லைன்ல ஒண்ணும் இல்ல சார். உங்க மெஷின்தான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தாள் பால்பாண்டியின் மேசைக்குப் போனது.

தெரிந்தவர் மூலம் ஒரு பொறியியல் கல்லூரிப் பேராசிரியரையும் பார்த்தார். அவர் அரை மணி நேரம் கவனமாகக் கேட்டார். கடைசியில், "ரொம்ப நல்ல ப்ராப்ளம் சார். அடுத்த வருஷம் ஒரு செமினார் வச்சிருக்கோம், அதுல நீங்களே பேசலாமே" என்றார்.

கடைசியாக லூர்து வெளிநாட்டுக்காரர்களிடம் கேட்டார். அந்த இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழு உண்டு. ஒருவர் எழுதினால் உலகம் முழுவதும் இருக்கும் எல்லாருக்கும் போகும். தெரிந்தவர் பதில் எழுதுவார். லூர்து ஒன்றரைப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதி என்னிடம் படித்துக் காட்டினார். அறிஞர் பெருமக்களுக்கு வணக்கம், தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிப்பு, அடியேன் முறையாகப் படிக்காதவன் என்று முக்கால் பக்கம் போனது. "நெஞ்சு வலின்னு வந்தவரு குலதெய்வம் பேர்ல ஆரம்பிக்கிற மாதிரி இருக்கு லூர்து" என்றேன். "மரியாதை சிஸ்டர்" என்றார். அப்படியே அனுப்பினார்.

இரண்டு நாளில் ஒரு வெள்ளைக்காரர் ஒரே வரியில் பதில் போட்டார்: மேலூர் மெஷினுக்கும் விளாங்குடி மெஷினுக்கும் நடுவே என்னென்ன இருக்கிறது, வரைந்து அனுப்பு. லூர்து ஸ்கேல் வைத்து வரைந்தார். இந்தப் பக்கம் அவருடைய கம்ப்யூட்டர், அடுத்தது மோடம், அதன் பிறகு லைன், அந்தப் பக்கம் விளாங்குடி. இதைத் தவிர நடுவே வேறு எதுவும் இல்லையா என்று அந்த மனிதர் மறுபடி கேட்டார். இல்லை என்று லூர்து எழுதினார்.

அப்படியானால் இந்தக் கோளாறு வர வாய்ப்பே இல்லை என்று பதில் வந்தது. அதன் பிறகு அவர் எழுதவில்லை.

லூர்து எழுதியது பொய். மேலூரில் அவருடைய கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவில் ஒரு பெட்டி இருந்தது. சோப்பு டப்பா அளவு, பச்சை விளக்கு எரியும். வெளியிலிருந்து வேண்டாதவர்கள் உள்ளே நுழையாமல் காவல் காக்கும் பெட்டி. அதை வைத்தவர் ஆல்பின், லூர்துவின் தங்கை டயானாவின் கணவர். மேலூரில் கேமரா, இணைய இணைப்பு எல்லாம் போட்டுக் கொடுக்கிறவர்.

இங்கே ஒரு குடும்ப விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன்பு டயானாவின் மூத்த பையனுக்கு மாதா கோவிலில் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை, கொடுத்தார்கள். தாய்மாமன் முன்னால் நிற்க வேண்டும். அவர் எடுத்துக் கொடுக்கும் உடுப்பைத்தான் பிள்ளை போட வேண்டும். அன்று காலை விளாங்குடியில் மெஷின் படுத்துவிட்டது. லூர்து அதைச் சரி செய்துவிட்டு மேலூர் போய்ச் சேரும்போது பூசை முடிந்து, பந்தியும் முடிந்து, இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பையன் வேறு சட்டையில் நின்றான். ஆல்பின் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சு ஐந்து வருடம் நின்றது. டயானா எங்கள் மேலூர் கிளையில்தான் வேலை பார்க்கிறாள். என்னிடம் பயிற்சி பெற்றவள். அண்ணனைப் பார்க்கும்போது சாப்பிட்டீகளா என்று கேட்பாள். அதற்கு மேல் பேச்சு இருக்காது.

போன கிறிஸ்துமஸுக்குப் பங்குச் சாமியார் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். சமாதானமாயிற்று. ஜனவரிக் கடைசியில் ஆல்பின் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். ஒரு தட்டில் வைத்து, பக்கத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, "மச்சான் பாக்குற எடம், நம்ம செய்முறையா இருக்கட்டும்" என்று மாட்டிக் கொடுத்தார். எங்கள் பக்கம் உறவுக்காரர்கள் விசேஷத்துக்குச் செய்வதைச் செய்முறை என்போம். அது சின்னதோ பெரியதோ, அதில் குறை சொல்வது கொடுத்தவர் முகத்தில் அடித்த மாதிரி. அண்டா ஒழுகினால்கூட ஈயம் வைத்துக்கொள்வார்கள், திருப்பிக் கொடுக்க மாட்டார்கள்.

அதே வாரம் லைன்காரர்கள் பழைய கம்பியை மாற்றி ஃபைபர் போட்டார்கள். லூர்துவுக்கு அது ஒரு வசதி. கோளாறு லைன் மாற்றியதால்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். அவரும் நம்பினார், அல்லது நம்புவதற்கு முயன்றார்.

வெள்ளைக்காரர் கைவிட்ட மூன்றாம் நாள் லூர்துவுக்குத் தனியாக ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கனகலட்சுமி. மகால் பக்கத்தில் இருக்கும் சௌராஷ்டிர அம்மா. ஒரு மில்லில் கம்ப்யூட்டர் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். நெசவுக் கணக்கு முழுவதும் இந்த இயங்குதளத்தில்தான் ஓடியதாம். மில் போன பிறகும் பழக்கத்தில் அந்தக் குழுவின் கடிதங்களைத் தினமும் படித்துக்கொண்டிருக்கிறார். "விளாங்குடி என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் மதுரைதான். போன் நம்பர் கொடுங்கள்" என்று எழுதியிருந்தார். லூர்து அமெரிக்கா வரை தேடிய ஆள், பஸ்ஸில் போனால் முக்கால் மணி நேரத் தொலைவில் இருந்தார்.

மறுநாள் மேலூர் எக்ஸ்ரே அறையில் வைத்துப் பேசினார்கள். லூர்து தட்டச்சு செய்ய வேண்டியிருந்ததால் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். நான் பவதாரிணியோடு அங்கேதான் இருந்தேன். டயானாவும் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப ஆரம்பிச்சது?" என்றார் கனகலட்சுமி. வணக்கம் எல்லாம் ஒன்றும் இல்லை.

"பிப்ரவரி ரெண்டு, திங்கக்கிழமை மேடம்."

"அதுக்கு முந்தி என்ன மாத்துனீங்க?"

"லைன் மாத்துனாங்க."

"வேற?"

லூர்து ஒரு நொடி டயானாவைப் பார்த்தார். "வேற ஒண்ணும் இல்ல மேடம்."

"சரி. நான் சொல்ற மாதிரி அடிங்க. சின்னதா ஒண்ணு அனுப்புங்க, பதில் வருதான்னு பாப்போம். உடைச்சு அனுப்பக் கூடாதுன்னும் சேத்துச் சொல்லுங்க. அப்புறம் கொஞ்சங் கொஞ்சமாப் பெருசாக்குவோம்."

அளவை ஏற்றிக்கொண்டே போனார்கள். ஆயிரம் போனது, பதில் வந்தது. ஆயிரத்து நானூறும் போனது. ஆயிரத்து நானூற்று அறுபத்துநான்கு போனது. அறுபத்தைந்து போகவில்லை. பதிலும் இல்லை, மறுப்பும் இல்லை.

"முடியாதுன்னு ஏதாச்சும் வந்துச்சா?"

"ஒண்ணுமே வரல மேடம். சும்மா இருக்கு."

"அதான் வேணும் எனக்கு" என்றார் கனகலட்சுமி. பிறகு விளக்கினார். எங்களுக்கும் புரியும்படிதான் சொன்னார். இணையத்தில் எல்லாம் பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. வழியில் ஏதாவது ஒரு வாசல் சிறியதாக இருந்தால், அந்த வாசல் 'இது பெரிசு, சின்னதாக் கட்டி அனுப்பு' என்று ஒரு சீட்டைத் திருப்பி அனுப்பும். சீட்டு கிடைத்ததும் அனுப்புகிற மெஷின் சின்னதாகக் கட்டும். இங்கே மோடம் அந்தச் சீட்டை எழுதுகிறது. லூர்துவின் மெஷினுக்கு அது வந்து சேரவில்லை. மெஷினும் சீட்டு வரும் என்று காத்துக்கொண்டு அதே பெரிய பொட்டலத்தையே திரும்பத் திரும்ப அனுப்புகிறது. பேர், வயது எல்லாம் சின்னப் பொட்டலம், அதனால் போகிறது. விண்டோஸ் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சீட்டு வராவிட்டாலும் தானே சின்னதாக்கிக்கொள்ளும். அதனால்தான் அந்த மடிக்கணினியில் போயிற்று.

"உங்க மெஷின்ல தப்பு இல்ல சார். அது சொல்லுக்குக் காத்துக்கிட்டு நிக்குது. மோடத்துக்கும் உங்க மெஷினுக்கும் நடுவுல யாரோ அந்தச் சீட்டை முழுங்குறாங்க. முழுங்குறதுக்கு ஒரு வாய் வேணும்ல. என்ன இருக்கு நடுவுல?"



டயானா துணியை வைத்துவிட்டு, "அண்ணே, அந்தப் பச்ச வெளக்கு எரியுதே, அது என்னண்ணே?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியாதது இல்லை.

லூர்து சும்மா இரு என்று கையைக் காட்டினார்.

"பின்னாடி யாரோ பேசுறாங்களே" என்றது போன். "விஷயம் தெரிஞ்சவங்க மாதிரி இருக்கு. அவங்ககிட்டக் குடுங்க."

"நான் அப்புறமாக் கூப்பிடுறேன் மேடம்."

"சரி. இப்போதைக்கு உங்க மெஷினையே எப்பவும் சின்னப் பொட்டலமாக் கட்டச் சொல்லிருவோம். போன அளவோட மேல் உறைக்கு இருபத்தெட்டு சேத்து, ஆயிரத்து நானூத்தித் தொண்ணூத்திரண்டுன்னு போடுங்க. படம் போயிரும். ஆனா கேட்டுக்கங்க, இது நொண்டிக்குக் கம்பு குடுக்குறது. காலைச் சரி பண்றது இல்ல."

போட்டார். படம் போனது. பவதாரிணி கைதட்டினாள். லூர்து முகத்தில் சந்தோஷம் இல்லை. தப்பித்துக்கொண்டவன் முகம் இருந்தது.

ஆனால் தப்பிக்க முடியவில்லை. பால்பாண்டி கேட்டது நியாயமான கேள்வி. "இன்னைக்குப் போகுது. நாளைக்கு நின்னா? எதனால நின்னுச்சு, எதனால போகுதுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுங்க. காரணம் தெரியாத மெஷினை நம்பி ஆஸ்பத்திரி நடத்த முடியாது லூர்து."

புதன்கிழமை லூர்து ஒரு தாளைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். அவருடைய இயங்குதளத்தில் அவரே ஒரு அளவைத் தவறாக வைத்திருந்ததாகவும், இப்போது சரி செய்துவிட்டதாகவும் எழுதியிருந்தார்.

"இதைக் குடுத்தா, உங்க மெஷினை நம்ப முடியாதுன்னு மேலூர் ரூமை மூடிருவாக" என்றேன்.

"தெரியும் சிஸ்டர்."

"தெரிஞ்சுமா?"

"அஞ்சு வருஷம் சிஸ்டர். இப்பத்தான் மாப்ள வீட்டுல ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சேன். செய்முறையில குறைன்னு சொன்னா அந்தாளு மறுபடி திரும்பிப் பாப்பாரா? எந்தங்கச்சி வாழணும்ல."

"அவ வாழ்ந்துக்கிட்டுத்தான் இருக்கா. அந்தா, மூணாம் பெட்டுக்குக் கஞ்சி குடுத்துக்கிட்டு இருக்கா பாருங்க."

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.  வீட்டுக்குள் நடப்பதை வெளியே இருந்து வைத்தியம் பார்க்க முடியாது.

வியாழக்கிழமை பேச்சிமுத்து மறுபடி வந்தார், விலா கூடியிருக்கிறதா என்று பார்க்க. படம் எடுத்து இருபத்திரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டே லூர்துவிடம், "போன தடவை மாட்டுத்தாவணி வரைக்கும் எத்தனை பள்ளம்னு எனக்கு மனப்பாடம்ங்க. இந்த மெஷினு இங்கனயே இருக்கட்டும், கொண்டுபோயிறாதீக" என்றார். அவருக்கு உள்விவகாரம் ஒன்றும் தெரியாது. லூர்து "ஆகட்டும்" என்றார். சொல்லிவிட்டு, அறைக்குள் போய் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

தினமும் ஆறு மணிக்கு ஆல்பின் டயானாவைக் கூட்டிப்போக பைக்கில் வருவார். அன்றும் வந்தார். கட்டையான ஆள், சத்தமாகச் சிரிப்பார். லூர்து வெளியே போய், "உள்ள வாங்க மாப்ள" என்றார்.

"இருக்கட்டும் மச்சான், அவ வரட்டும்."

"இல்ல, உள்ள வாங்க. காப்பி சொல்லட்டா? வெயிலு என்னமா அடிக்குது. பிள்ளைக நல்லாருக்காகளா? வண்டி சத்தம் ஒரு மாதிரி வருதே, ஆயில் மாத்துனீகளா?"

ஆல்பின் அவரைப் பார்த்தார். "என்ன மச்சான், பொண்ணு கேட்டு வந்தவுக மாதிரிச் சுத்துறீக? விஷயத்தைச் சொல்லுங்க."

லூர்து இரண்டு பேனாவையும் வெளியே எடுத்து மறுபடி பைக்குள் வைத்தார். "அந்தப் பொட்டி மாப்ள."

"எந்தப் பொட்டி?"

"நீங்க வச்ச பொட்டி. அது ஒரு சீட்டை விட மாட்டேங்குது. அதனாலதான் படம் நின்னுச்சு. நாளைக்கு நான் எழுதிக் குடுக்கணும். உள்ளதை எழுதலைன்னா இந்த ரூமை மூடிருவாக."

ஆல்பின் பைக்கிலிருந்து இறங்கினார். முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. டயானா பையோடு வாசலில் வந்து நின்றாள். யார் பக்கமும் பேசவில்லை.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"முதல் நாள்லருந்தே ஒரு சந்தேகம். தெரிஞ்சது போன வெள்ளிக்கிழமை."

"ஊரெல்லாம் போய்க் கேட்டீகளாமே. காலேஜு வாத்தியாரு வரைக்கும் போனீகளாம். டயானா சொன்னா. வெள்ளைக்காரனுக்குக்கூட எழுதினீகளாம். கூப்பிடுற தூரத்துல இருக்கேன், என்கிட்டக் கேக்கல."

"செய்முறையில குறை சொல்றதான்னு..."

"குறையைச் சொன்னா பிடுங்கி எறிஞ்சிட்டுப் போயிருவேன்னு நெனச்சீக. இந்தத் தொழில்ல பதினாலு வருஷம் இருக்கேன் மச்சான். ஒரு நாளைக்கு நாலு பேரு என்னையத் திட்டுறாக. நீங்க ஒரு ஆளு சொன்னாத் தாங்க மாட்டேனா? அம்புட்டுச் சின்ன ஆளாவா தெரியுறேன்?"

 ஆல்பின் அவரைக் கடந்து எக்ஸ்ரே அறைக்குள் போனார். "யாரு அந்தம்மா, கண்டுபிடிச்சவுக? போனைப் போடுங்க" என்றார்.

கனகலட்சுமி அடுப்பில் ஏதோ வைத்திருந்தார் போல, பாத்திரச் சத்தம் கேட்டது. "யாரு பேசுறது?" என்றார்.

"பொட்டி வச்சவன் பேசுறேம்மா."

"நல்லது. வெளியிலருந்து வர்ற அந்த மாதிரிச் சீட்டு எல்லாத்தையும் அடைச்சு வச்சிருக்கீங்களா?"

"ஆமாம்மா. பூராத்தையும் அடைச்சாத்தான் பாதுகாப்புன்னு..."

"எல்லாரும் அப்பிடித்தான் நெனைக்கிறாங்க. பெரிய பெரிய கம்பெனியிலயும் இதையே பண்றான், அவனுக்கு இங்கிலீஷ்ல திட்டு விழுது. அதுல ஒரே ஒரு வகையை மட்டும் விடணும். எடுத்துட்டு ஒரு தடவை, வச்சிட்டு ஒரு தடவை பாத்துருங்க. நான் சொன்னேன்னு நம்ப வேண்டாம்."

லூர்து முதலில் தன் மெஷினில் வைத்திருந்த சின்ன அளவை எடுத்துவிட்டார். ஆல்பின் பெட்டியைக் கழற்றி, கேபிளை நேராகச் சொருகினார். பெரிய பொட்டலத்தை அனுப்பினதும் திரையில் ஒரு வரி வந்தது: பெரிசு, சின்னதாக்கு. வந்த சீட்டை மறக்கட்டும் என்று மெஷினை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டு, பெட்டியை நடுவில் வைத்து அனுப்பினார்கள். ஒன்றும் வரவில்லை. ஆல்பின் அதையே மூன்று முறை செய்தார். மூன்றாவது முறை முடிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெட்டியின் அமைப்பைத் திறந்தார். கனகலட்சுமி சொல்லச் சொல்ல ஓர் இடத்தில் மட்டும் மாற்றினார். மறுபடி அனுப்பினார்கள். அந்த வரி வந்தது. பவதாரிணி ஒரு பழைய படத்தை அனுப்பிப் பார்த்தாள். போய்விட்டது. வேலை மொத்தம் முக்கால் மணி நேரம்.

"அடுப்புல கிடக்குது, வைக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டார் கனகலட்சுமி.

லூர்து, "நாளைக்கு உங்க பேர் போடாம எழுதிர்றேன் மாப்ள. நடுவுல இருந்த ஒரு கருவின்னு போட்டாப் போதும்" என்றார்.

"நீங்க ஒண்ணும் எழுத வேணாம். நான் எழுதுறேன்" என்றார் ஆல்பின். டயானாவைப் பார்த்து, "ஏறு" என்றார். போகும்போது லூர்துவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை பால்பாண்டியிடம் போன தாள் அரைப் பக்கம். அறிஞர் பெருமக்கள், அடியேன் எதுவும் இல்லை. மேலூரில் என் பெட்டியில் நான் வைத்த அமைப்பால் படங்கள் நின்றன, லூர்துராஜின் மெஷின் சரியாக இருந்தது, அமைப்பை மாற்றிவிட்டேன், இனி ஏதும் என்றால் இந்த எண்ணுக்குக் கூப்பிடவும், எம். ஆல்பின். பால்பாண்டி அதை இரண்டு முறை படித்தார். அதன் மேல் லைன்காரர் எழுதிக் கொடுத்த தாளை வைத்து, இரண்டையும் சேர்த்துக் குத்திக் கோப்பில் போட்டார். "மேலூர் ரூம் இருக்கட்டும்" என்றார். "ஆனா லூர்து, இது ஃபிப்ரவரி ரெண்டாம் தேதியே என் மேசைக்கு வந்திருக்கணும்." லூர்து தலையாட்டினார்.

இத்தோடு முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் அடுத்த பத்து நாள் ஆல்பின் லூர்துவிடம் பேசவில்லை. டயானாவை இறக்கிவிட்டு அப்படியே போய்விடுவார். லூர்து சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். மறைத்ததற்கும் கோபம், சொன்னதற்கும் கோபம் என்றால் மனிதன் என்னதான் செய்வது என்று என்னிடம் கேட்டார். கோபம் மறைத்ததற்கு மட்டுந்தான் என்றேன். அவர் நம்பவில்லை.

பதினோராம் நாள் சனிக்கிழமை. ஆல்பின் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். அதே மாதிரிப் பெட்டியை, அதே அமைப்போடு, மேலூரில் இன்னும் ஒன்பது இடத்தில் வைத்திருக்கிறாராம். இரண்டு பள்ளிக்கூடம், ஒரு லாட்ஜ், மீதி கடைகள். எல்லா இடத்திலும் போய் மாற்ற வேண்டும். "அளவு பாக்குற வேலை உங்களுக்குத்தான் பழகியிருக்கு. நாளைக்குப் பூசை முடிஞ்சு வாரீகளா?" என்றார், லூர்துவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"வாரேன் மாப்ள."

ஞாயிற்றுக்கிழமை லூர்து பைக்கின் பின்னால் உட்கார்ந்து, மடிக்கணினியைப் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு போனதாக டயானா சொன்னாள். முதலில் போனது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மருந்துக் கடை. கடைக்காரர், "என்னப்பா, கூப்பிடாமலே வந்துருக்க, என்ன கோளாறு?" என்று கேட்டிருக்கிறார். ஆல்பின் வாயைத் திறப்பதற்குள் லூர்து முந்திக்கொண்டு, "ஒண்ணும் இல்லண்ணே, லைன்ல சின்னப் பிரச்சனை" என்றாராம்.

"நீங்க சும்மா இருங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு, ஆல்பின் கடைக்காரர் பக்கம் திரும்பி, "தப்பு என்னோடதுண்ணே, அஞ்சு நிமிஷம் குடுங்க" என்றாராம்.